குளிர்பானக் கடை வைத்து பல் மருத்துவக் கல்லூரியை வளர்த்தவர்! யார் இந்த ரஃபியுதீன் அகமது? பல் வலியை எப்போது அலட்சியம் செய்யக் கூடாது?

புதுமடம் மாதிரியான கடலோர ஊரில் நடுராத்திரி பல் வலி வந்தால் என்ன நடக்கும்? முதலில் ஒரு கிராம்பு. அது கேட்கவில்லை என்றால் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. விடிந்ததும் மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை. வலி அடங்கியதும் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். உச்சிப்புளி வழியாக ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுவது கன்னம் வீங்கிய பிறகுதான். பல்லுதானே, பார்த்துக்கலாம் என்ற நினைப்பு!

இந்த நினைப்பு புதுமடத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பு இந்தியா முழுக்க இதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம்: இன்று டாக்டர் இருந்தும் நாம் போவதில்லை. அன்று போக நினைத்தாலும் டாக்டர் கிடைக்க மாட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு பெரிய நகரங்களில் தொழில் செய்த ஒரு சிலரை விட்டால், மற்றவர்களுக்கு சந்தையில் பல் பிடுங்குகிறவர்தான் கதி. பல் மருத்துவம் சொல்லிக்கொடுக்க நாட்டில் ஒரு கல்லூரிகூட கிடையாது.

அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர். அவருடைய வாழ்க்கைக் கதையோடு சேர்த்து, வாயில் எந்த அறிகுறி தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது என்பதையும் பார்க்கலாம்.

கிழக்கு வங்கத்திலிருந்து அயோவா வரை

ரஃபியுதீன் பிறந்தது 1890 டிசம்பர் 24. ஊர், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கிழக்கு வங்கப் பகுதி. டாக்காவிலும் அலிகரிலும் படித்தவர், இளம் வயதிலேயே கப்பலேறி அமெரிக்கா போனார். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்க லண்டன் போவது வழக்கம். இவர் தேர்ந்தெடுத்ததோ பல் மருத்துவம். அதுவும் அமெரிக்காவின் உள்பகுதியில் இருக்கும் அயோவா பல்கலைக்கழகத்தில்! 1915இல் அங்கே பல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்தபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்காகவே தொடங்கப்பட்டிருந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, 1918 வரை அங்கே பணியாற்றினார். ஏழைக் குழந்தைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய கட்டடம் இருந்த இடம் அது. பல்லுக்கென்று தனிக் கல்லூரியே இல்லாத நாட்டிலிருந்து போன இளைஞருக்கு அது வேறொரு உலகம்.

குழந்தைகள் விஷயத்தில் நம் வீடுகளில் இன்றைக்கும் நடக்கும் ஒரு தப்பை இங்கேயே சொல்லிவிடலாம். பால் பல்லு, எப்படியும் விழுந்துதானே முளைக்கப்போகுது என்று சொத்தையை அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால் ஆறு வயசு வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது முளைப்பதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது நிரந்தரப் பல். வாழ்நாள் முழுக்க மென்று தின்ன வேண்டிய பல். அதில் கறுப்பாகக் குழி தெரிந்தாலோ, பிள்ளை ஒரு பக்கமாகவே மென்றாலோ, வலிக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. பால் பல்லில் வரும் சொத்தையையும் சும்மா விட முடியாது. அதன் வேரில் சீழ் கட்டினால், கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கும்.

கல்லூரிக்குக் காசு எங்கிருந்து வந்தது?

1919இல் நாடு திரும்பிய ரஃபியுதீன், நேராக கல்கத்தாவில் இறங்கினார். அடுத்த வருஷமே, அதாவது 1920இல், இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை அங்கே தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

பணத்துக்கு என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி. நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் கல்கத்தாவில் ஒரு கடை திறந்தார். சோடா ஃபவுண்டன் என்பது அன்றைய அமெரிக்க நகரங்களில் மூலைக்கு மூலை இருந்த கடை. குழாயைத் திறந்தால் சோடா வரும், அதில் இனிப்புப் பாகும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுப்பார்கள். பல் டாக்டர் ஒருவர் இனிப்பும் சோடாவும் விற்றுப் பல் மருத்துவக் கல்லூரியை நடத்தினார் என்று இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கடை வருமானம்தான் கல்லூரியைத் தாங்கிப் பிடித்தது.

அவர் கடையில் சில்லென்று ஒரு வாய் குடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். பல் கூச்சம் எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான். இதில் கவனிக்க வேண்டியது, கூச்சம் எத்தனை நேரம் நிற்கிறது என்பதை. சில்லென்று பட்டவுடன் சுரீரென்று இழுத்து, சில நொடிகளில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் எனாமல் தேய்ந்திருக்கும், ஈறு இறங்கியிருக்கும், இல்லையென்றால் சொத்தை ஆரம்பித்திருக்கும். சாம்பல், செங்கல் பொடி, உப்பு போட்டு அழுத்தித் தேய்க்கிறவர்களுக்கும், வலை நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்களுக்கும் இந்தத் தேய்மானம் சீக்கிரமே வரும். இதற்கு அன்றைக்கே ஓட வேண்டியதில்லை. ஆனாலும் ஓரிரு வாரத்துக்குள் காட்டிவிடுவது நல்லது.

குடித்து முடித்த பிறகும் நிமிஷக்கணக்கில் வலி நின்று விண்விண் என்று தெறிக்கிறதா? சூடாக டீ குடித்தால் வலி கூடுகிறதா? படுத்தால் அதிகமாகி, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறதா? அப்படியென்றால் பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த கூழ்ப் பகுதி வரை அழற்சி போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் ஈறையே வேகவைத்துவிடும்.

வலி நின்றுவிட்டால் சரியாகிவிட்டதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாலு நாள் உயிரை எடுத்த வலி, ஐந்தாம் நாள் திடீரென்று காணாமல் போகும். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவோம். பெரும்பாலும் உள்ளே நடந்தது வேறு. பல்லின் நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கிருமி மட்டும் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து, ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் தோன்றும். அழுத்தினால் சீழ் வரும், வாய் கசக்கும், பிறகு அடங்கும், மறுபடி வரும். வலியே இல்லாத அந்தக் கொப்புளம், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டிய அறிகுறி. ரூட் கேனல் செய்தால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கும் கடைசிக் கட்டங்களில் அதுவும் ஒன்று.

ஈறில் ரத்தம் கசிவதும் இதே மாதிரிதான். பல் துலக்கும்போது எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிந்தால், பிரஷ் குத்திருச்சு என்று விட்டுவிடுகிறோம். திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் அது ஈறு நோய். பெரும்பாலும் இதில் வலி இருக்காது. பல் ஆட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வேகமாகப் போகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வராமல் அடம்பிடிக்கும். கர்ப்ப காலத்திலும் ஈறு வீங்கி ரத்தம் வரலாம். மாசமாக இருக்கும்போது பல் டாக்டரிடம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறான பயம். கர்ப்பமாக இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்கேற்ற சிகிச்சையை டாக்டர் கொடுப்பார்.

பாத்திமா ஜின்னா படித்த கல்லூரி

கல்கத்தா கல்லூரிக்குத் திரும்புவோம். பல்லுக்கென்று தனியாகப் படிப்பா என்று ஊர் யோசித்த காலம் என்பதால், மாணவர் கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு மாணவியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பாத்திமா ஜின்னா. முகமது அலி ஜின்னாவின் தங்கை. 1920களின் தொடக்கத்தில் படித்து முடித்து, பம்பாயில் கிளினிக் வைத்தார். 1929இல் அண்ணி ரத்தன்பாய் இறந்த பிறகு, கிளினிக்கை மூடிவிட்டு அண்ணன் வீட்டைக் கவனிக்கப் போய்விட்டார். பெண்கள் படிப்பதே பெரிய விஷயமாக இருந்த நாளில், ஒரு பெண் பல் டாக்டராக போர்டு மாட்டினார் என்றால் அதற்குக் கதவு திறந்துவிட்டது ரஃபியுதீனின் கல்லூரிதான்.

கட்டடம் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. 1925இல் பல் மருத்துவர்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கி, இருபது வருஷத்துக்கும் மேல் அதன் ஆசிரியராக இருந்தார். அதே வருஷம் வங்காளத்தில் பல் மருத்துவர் சங்கத்தையும் உருவாக்கினார். 1928இல் மாணவர்களுக்காகக் கையேடு எழுதி வெளியிட்டார். கல்கத்தா மாநகராட்சியில் கவுன்சிலராகவும் இருந்தார்.

பல் பிடுங்க யாருக்கு உரிமை?

அவர் போட்ட சண்டைகளில் நமக்கு இன்றும் உதவுவது இதுதான். அன்று யார் வேண்டுமானாலும் குறடு எடுத்துப் பல்லைப் பிடுங்கலாம். படித்தாரா, கருவியைக் கொதிக்க வைத்தாரா என்று கேட்க ஆள் கிடையாது. வங்காளத்தில் 1939இல் பல் மருத்துவர்களுக்கான சட்டம் வந்ததற்குப் பின்னால் ரஃபியுதீனின் உழைப்பு இருந்தது. நாடு முழுவதற்குமான பல் மருத்துவர் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் வந்தது. தகுதி பெற்று, பதிவு செய்தவர் மட்டுமே பல் மருத்துவம் பார்க்கலாம் என்பது அப்படித்தான் உறுதியானது. தமிழ்நாட்டில் பல் டாக்டர்களுக்குப் பதிவு எண் கொடுப்பது தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில். சந்தேகம் வந்தால் அந்த எண்ணைத் தயங்காமல் கேட்கலாம்.

சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும், படிக்காதவர் கையில் பல்லைக் கொடுப்பது அடியோடு ஒழிந்துவிடவில்லை. பல் செட் மலிவாகக் கட்டித் தருகிறார்கள் என்று போய், ஆடும் பல்லோடு செயற்கைப் பல்லை ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் அழுக்கு சேர்ந்து, ஈறு புண்ணாகி, நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் போய்விடும்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் இன்னொரு வகை சுய வைத்தியம்தான். மாத்திரை வீக்கத்தைத் தற்காலிகமாக வற்றவைக்கலாம். பல்லுக்குள் இருக்கும் அழுகலை அது எடுக்காது. பாதி நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டால், அடுத்த தடவை கிருமி அதற்கு மசியாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

கன்னமோ தாடையோ வீங்கி, கூடவே காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்குகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு விட சிரமமாக இருக்கிறது என்றால், பல் கிளினிக் திறக்கும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. கழுத்துப் பகுதியில் சீழ் பரவி மூச்சுக் குழலை நெருக்கும் நிலை அது. உயிருக்கே ஆபத்து. உடனே 108க்கு போன் செய்து பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குக் கீழே வீங்கி, கண்ணே மூடிக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கீழ்த்தாடை வலிக்கிறது, ஆனால் எந்தப் பல் என்று காட்டத் தெரியவில்லை. நடந்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை. இது பல் வலியாக இல்லாமல் இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அப்போதும் போக வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு.

வெத்தலை பாக்கும் வெள்ளைத் திட்டும்

கடலோர மாவட்டமானாலும் சரி, உள்நாடானாலும் சரி, வெத்தலை, பாக்கு, புகையிலை நம் ஆட்களை விட்டபாடில்லை. புகையிலை கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் பாக்குதானே என்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, புகையிலை சேர்க்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் மெல்ல மெல்ல விறைத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். கார சாரமாகச் சாப்பிட்டால் எரியும். முன்பு மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடிந்தவருக்கு இன்று இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால், அதுவே போதுமான எச்சரிக்கை.

வாயில் புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, காரணமே இல்லாமல் உதடோ நாக்கோ மரத்துப்போவது, கழுத்தில் வலியில்லாத கட்டி. இதில் எது இருந்தாலும் வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பகால வாய்ப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

மனநல மருத்துவத்தில் பெரிய பெயர் எடுத்த சிக்மண்ட் ஃப்ராய்ட், தானே ஒரு டாக்டர். 1923இல் தன் வாயின் வலது பக்கத்தில் வளர்ச்சி ஒன்றைக் கண்டபோது, அவரும் உடனே யாரிடமும் சொல்லவில்லை. சுருட்டை விடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அதன் பிறகு பதினாறு வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, செயற்கைத் தாடை பொருத்தினார்கள். பேசவும் சாப்பிடவும் பெரும்பாடு. 1939இல் லண்டனில் இறந்தார். டாக்டருக்கே இந்தத் தயக்கம் என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டுமா!

கல்லூரியை அரசுக்குக் கொடுத்தார்

முப்பது வருஷம் கிட்டத்தட்டத் தன் தோளிலேயே சுமந்த கல்லூரியை, 1949இல் ரஃபியுதீன் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். அந்த வருஷங்களில் நாடு பிரிந்து, வங்காளம் இரண்டாகியிருந்தது. அவர் பிறந்த மண் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவருடைய மாணவி பாத்திமாவும் அங்கே. அவர் கல்கத்தாவிலேயே தங்கினார். 1950 முதல் 1962 வரை, முதல்வர் பி.சி.ராயின் அமைச்சரவையில் இருந்தார். வேளாண்மை, கூட்டுறவு மட்டுமல்ல, அகதிகளின் நிவாரணமும் மறுவாழ்வும்கூட அவர் பார்த்த துறைகளில் உண்டு.

1964இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அடுத்த வருஷமே காலமானார். கல்கத்தா கல்லூரி இன்று டாக்டர் ஆர்.அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. அவர் பிறந்த டிசம்பர் 24ஐ இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சென்னையில் அரசுப் பல் மருத்துவப் படிப்பு வந்தது 1953இல். கல்கத்தாவுக்கு முப்பத்து மூன்று வருஷம் பிந்தி. இன்று நாட்டில் முந்நூறுக்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ராமநாதபுரம் பக்கத்து மக்களுக்கு எட்டும் தூரத்தில் புதுக்கோட்டையிலும் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அதற்கெல்லாம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு வராது. சொத்தை அடைப்பது, பல் எடுப்பது, ஈறு சுத்தம் செய்வது போன்றவற்றை அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலேயே பார்த்துவிடலாம். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104க்கு போன் செய்து கேட்கலாம்.

போகும்போது சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பல் எடுக்கும் முன் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். விளையாடும்போது பிள்ளையின் நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல் பாகத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் தேய்க்காமல் பாலிலோ தண்ணீரிலோ லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்விட்டால் அந்தப் பல் மறுபடி ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது.